அம்சவல்லியின் இருபது மில்லிமீட்டர்

அம்சவல்லியை நான் முதலில் பார்த்த அன்று அவள் தலை கீழேயும் கால் மேலேயும் இருந்தன. இரும்புக் கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று வெள்ளைக் கற்களை அடுக்கியிருந்தார்கள். பீங்கான் சூளைக்குள் சாமான் அடுக்குவதற்கு முட்டுக் கொடுக்கிற கல். ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குக் குறையாது. அவள் தலைமாட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சறுக்கிவிடாமல் படுத்திருந்தாள். ஆறாம் மாதம் தொடங்கிய வயிறு.

"வாங்கம்மா, உக்காருங்க. எழுந்து வரவேற்க முடியாது. ஒரு தடவ எறங்கினா திரும்ப ஏறச் சொல்ல ஆள் இருக்குது" என்றாள்.

ஆள் என்றது அவளுடைய கணவர் கொளஞ்சிநாதனை. அவர் கட்டில் காலருகே குத்தவைத்து, சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்குது நர்சம்மா. ஒரு நூல் வித்தியாசம் கெடையாது" என்றார் பெருமையாக.

நான் நர்ஸ் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன்; அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினேன். காலையில் வந்து சாயங்காலம் போகிற வேலை. பெயர் காசியம்மாள். ஆனால் விருத்தாசலத்தில் கையில் பி.பி. மெஷின் வைத்திருக்கிற எந்தப் பொம்பளையும் நர்சம்மாதான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

என்னை அனுப்பியது துர்கா டாக்டர். இவர்களுக்கு வீட்டில் வேறு பெண் துணை இல்லை. அம்சவல்லியின் அம்மா காலமாகிவிட்டார். கொளஞ்சியின் அக்கா திட்டக்குடியில் இருக்கிறாள். நடவு நேரம், அசைய முடியாது. பெரிய வேலையெல்லாம் இல்லை, அவளைத் தனியாக விடாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் விஷயம் அவருக்குத் தெரியாது.

அம்சவல்லிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு உருப்படியையும் இடது கை விரல்நுனியில் நிறுத்தி, வலது கையில் வைத்திருக்கிற மரக்குச்சியால் ஒரு தட்டு. நல்லதென்றால் 'ணங்'கென்று மணி மாதிரி இழுக்கும். உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தால் 'டொக்'கென்று அங்கேயே செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை அவள் காது கண்டுபிடித்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் உருப்படி. சூளை கொளஞ்சியின் பொறுப்பு. அவர் சுட்டதை இவள் தட்டிக் கழிக்க, அதில் தொடங்கிய சண்டைதான் கல்யாணத்தில் முடிந்ததாம்.

ஏற்கெனவே இரண்டு முறை நாலாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இது மூன்றாவது. நாலாம் மாதத்தைத் தாண்டி அஞ்சில் ஸ்கேன் எடுத்தபோது, நஞ்சு, அதுதான் குழந்தைக்கு ரத்தம் கொடுக்கிற சதை, கர்ப்பப்பையின் அடியில், வாயை ஒட்டி இருப்பதாகத் தெரிந்தது. இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். குறைந்தது இருபது இருக்க வேண்டும். இருந்தால் சுகப்பிரசவம் பார்க்கலாம். இல்லாவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கணும். அதற்கு முன்னாலேயே எப்போது வேண்டுமானாலும் ரத்தம் கொட்டலாம். கொட்டினால் பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. இருபத்தோராம் வாரத்தில் ஒரு தடவை லேசாக ரத்தம் பட்டது. அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வயது, பழைய கதை, கொஞ்சம் பி.பி. எல்லாம் சேர்ந்து ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன். இடைவெளி அளக்க ஒன்று, ரத்த ஓட்டம் பார்க்க ஒன்று, வளர்ச்சி பார்க்க ஒன்று. அவளுடைய ஃபைல் அப்போதே ரேஷன் கடைப் பதிவேடு கனத்துக்கு இருந்தது.

'நஞ்சு கீழே இருக்கிறது' என்று டாக்டர் சொன்ன அன்றே கொளஞ்சி கம்பெனியிலிருந்து நாலு கல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, பக்கத்துக்கு இரண்டாக வைத்துவிட்டார். கீழே இருப்பதை மேலே ஏற்ற வேண்டுமென்றால் சாய்மானம் மாற்ற வேண்டும். இது அவருடைய கணக்கு. அடுத்த ஸ்கேனில் இரண்டு ஏழாகிவிட்டது. கல் வேலை செய்கிறது என்று இன்னொரு வரிசை வைத்துவிட்டார். நான் போய் நின்றது அந்த மூன்றாவது வரிசை ஏறிய மறுநாள்.

"ராத்திரி தூங்குறியாம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"எங்கம்மா? சாப்பிட்டது தொண்டைக்கு வருது. கண்ணை மூடினா தலையணையோட சுவத்துல போய் முட்டுறேன்."

"தம்பி, இந்தக் கல்லையெல்லாம் எடுத்துருங்க" என்றேன்.

கொளஞ்சி என்னை ரசமட்டத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். "ரெண்டு ஏழாயிருக்குதும்மா. ரிப்போர்ட்டு இருக்குது."

"கர்ப்பப்பை கீழ்ப்பக்கமா பெருக்கப் பெருக்க அதுவும் கூடவே மேல நகரும். பல பேருக்கு நகரும். கட்டில் எப்படி இருந்தாலும் நகரும்."

"நகராட்டி?"

"நகராட்டி டாக்டர் இருக்காங்க. கல்லு எதுக்கு?"

அதே நேரம் பாஞ்சாலை உள்ளே வந்தாள். அம்சவல்லியோடு ஒரே பெஞ்சில் தட்டுகிறவள், ஐம்பது வயது, வாய் ஓயாது. நிலவரத்தை ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டாள்.

"ஏன் கொளஞ்சி, பள்ளத்துல படுத்தா மேல ஏறும்னா, ஏற்காட்டுல மலைச் சரிவுல குடியிருக்குற பொம்பளைங்களுக்கெல்லாம் நஞ்சு கழுத்துக்கு வந்துருக்கணுமே! உன் பொண்டாட்டி என்னா சூளை வண்டியா, முட்டுக் குடுத்து நிறுத்த?"

நான் டாக்டருக்கே போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கொளஞ்சி "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று ஏழெட்டு முறை சொல்லிவிட்டு, கற்களை எடுத்து வாசலோரம் அடுக்கினார். கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அதை நான் கவனித்தேன்.

அன்று மத்தியானம் அம்சவல்லி இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

அடுத்த சில வாரங்களில் அவளைப் பற்றி எனக்கு ஒன்று புரிந்தது. அவளுக்கு வலியோ பத்தியமோ கஷ்டமில்லை. சும்மா இருப்பதுதான் கஷ்டம். பதினாறு வருஷம் கையில் எடுத்ததை அந்த நொடியே நல்லது கெட்டது என்று பிரித்துப் பழகியவள். இங்கே ஒரே ஒரு உருப்படி, அதைத் தட்டிப் பார்க்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் ஜெல்லைத் தடவி, திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பார்ப்பார். அந்தப் பத்து நிமிஷம் அவர் முகத்தையே இவள் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு ரெண்டு தடவ புருவத்தத் தூக்குச்சும்மா" என்பாள் வீட்டுக்கு வந்து.

"அதுக்கு மூக்குல ஊறல் இருந்துருக்கும்."

"மவுஸ ஒரே எடத்துல நாலு தடவ அமுக்குச்சு."

"மவுஸ் பழசு."

சிரிப்பாள். ஆனால் அடுத்த நாள் காலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே, "துடிப்பு குறைஞ்ச மாதிரி இருக்குது, இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாமா?" என்று நிற்பாள். டாக்டர் எழுதியது போதாதென்று இவளாக இரண்டு முறை வெளியே போய் எடுத்துவிட்டு வந்த கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாலுகா ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

துடிப்பு எண்ணுவதற்கு ஒரு வழி சொன்னேன். சாப்பிட்ட பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படு, அசைவை எண்ணு, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்தால் உன் வேலையைப் பார். அவள் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பீங்கான் கிண்ணத்தை வைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் குச்சியால் ஒரு தட்டு. அடுப்படியில் இருந்தபடியே எனக்கும் கேட்கும். ணங். கொஞ்ச நேரம் கழித்து, ணங். பத்தாவதுக்கு இரண்டு தட்டு.

இதைக் கேட்டுவிட்டுத்தான் பாஞ்சாலை யோசனை சொன்னாள். கொலு சீசன், கம்பெனியில் பொம்மை குவிந்து கிடக்கிறது, தட்ட ஆள் போதவில்லை. இங்கேயே ஒரு தட்டு நிறையப் பொம்மை கொண்டுவந்தால் என்ன? டாக்டரைக் கேட்டேன். எழுந்து தூக்கக் கூடாது, குனியக் கூடாது, சாய்ந்து உட்கார்ந்து கையால் செய்கிற வேலை செய்யட்டும் என்றார். மறுநாளிலிருந்து காலையில் கம்பெனி ஆட்டோவில் பொம்மை வரும், சாயங்காலம் போகும். விரலளவு பிள்ளையார், தவில்காரர், செட்டியார், மாடு. வீடு முழுக்க ணங் ணங் என்று கோயில் மாதிரி இருந்தது. பி.பி. பத்துப் புள்ளி இறங்கியது. மாத்திரைக்கும் அதில் பங்கு இருக்கலாம். நான் எதையும் ஒன்றின் மேல் மட்டும் போட மாட்டேன்.

ஏழாம் மாத ஸ்கேனில் பதின்மூன்று.

கொளஞ்சி சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இரண்டு, ஏழு, பதின்மூன்று. மேலே இருபதுக்கு ஒரு கோடு. சூளையில் சூடு ஏறுவதை மணிக்கு மணி எழுதுகிற மாதிரி.

"கல்லு இல்லாமலே ஏறியிருக்குது பாத்தீங்களா" என்றேன்.

"கல்லு வெச்சிருந்தா பதினெட்டு வந்திருக்கும்" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முப்பத்திரண்டாம் வாரத்து ஸ்கேனுக்கு நாள் வந்தபோது துர்கா டாக்டர் வெளியூர் போயிருந்தார். வேறொரு ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். போனோம். நல்ல கூட்டம். மழையில் நனைந்த குடையும் செருப்பும் வாசல் அடைத்துக் கிடந்தன. வரவேற்பில் இருந்த பெண் ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி, "முழுசும் குடிச்சிட்டு அடக்கி வெச்சிக்குங்கக்கா, கூப்புடுவோம்" என்றாள். அம்சவல்லி சொன்னதைச் செய்கிறவள். குடித்தாள். அரை மணியில் கூப்பிட வேண்டியது. இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் அவள் பயத்தில் இன்னொரு அரை பாட்டிலையும் குடித்துவிட்டாள். கடைசி அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் வந்தது. இடைவெளி ஐந்து மில்லிமீட்டர்.

பதின்மூன்றிலிருந்து ஐந்து.

அவள் அழவில்லை. காகிதத்தை மடித்துக் கவரில் போட்டு, கவரை ஃபைலில் வைத்து, ஃபைலைப் பையில் வைத்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஆட்டோவில் பாலக்கரை தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுவும் போயிடுமாம்மா?"

எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற பழக்கம் இல்லை. "டாக்டர் நாளைக்கு வந்துடுறாங்க. நாளைக்குப் பாப்போம்" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கொளஞ்சி வீட்டில் காத்திருந்தார். கவரைப் பிரித்தார். எண்ணைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு வாசலோரம் இருந்த கற்களைப் பார்த்தார்.

"ஏறிக்கிட்டு இருந்தது எறங்கிடுச்சு. கல்லை எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"பெரியவங்கன்னு பேசாம இருந்தேன் நர்சம்மா. இனிமே எங்க வூட்டு விஷயத்துல நீங்க கை வெக்காதீங்க." சட்டையை மாட்டிக்கொண்டு மழையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மறுநாள் வருவதா வேண்டாமா என்று யோசித்தேன். ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தால் திட்டு வாங்கப் பழகிவிடும். வந்தேன்.

நான் போனபோது கட்டில் மறுபடியும் கல் மேல் இருந்தது. அம்சவல்லி அதில் படுக்காமல் கீழே பாயில் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சி சூளைக்குப் போயிருந்தார். பாஞ்சாலை ஒரு தட்டு நிறையப் பாவை விளக்குகளோடு எனக்குப் பின்னாலேயே வந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"நர்சம்மா, சேதி தெரியுமா? உங்க மேல பிராது கட்டிட்டான்!"

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடு காணோம், பங்காளி வேலியை நகர்த்திவிட்டான், மகன் குடிக்கிறான், எதுவானாலும் போலீசுக்கு எழுதுகிற மாதிரியே சாமிக்கு ஒரு மனு எழுதி, அங்கே முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்து வைக்கும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய் மனுவை வாபஸ் வாங்கணும். கொளஞ்சிநாதனுக்கு அந்தச் சாமி பெயரையே வைத்திருக்கிறார்கள், உரிமையோடு போயிருக்கிறார்.

"என்னான்னு எழுதியிருக்காரு?" என்றேன்.

"'மேற்படி காசியம்மாள் என்பவர் கட்டில் கல்லை எடுக்கச் சொன்னதால் எட்டு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. இருபது மில்லிமீட்டர் ஏற்றிக் கொடுக்கவும்.' எங்க சித்தப்பா பேரன் பக்கத்துல நின்னு படிச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்சவல்லிக்கு வரவில்லை. அவள் கையை நீட்டி ஒரு பாவை விளக்கை எடுத்தாள். கார்த்திகைக்காகச் செய்தது, இரண்டு கையிலும் அகல் ஏந்திய பெண் பொம்மை. தட்டினாள். சத்தம் வந்தது, ஆனால் மெலிந்து, தகர டப்பா மாதிரி. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"எல்லாம் இப்படித்தான் வருது. புது அச்சு. அச்சு சரியில்லன்னு ஓனர் தூக்கிப் போடச் சொல்லிட்டாரு" என்றாள் பாஞ்சாலை.

அம்சவல்லி பொம்மையின் அடித்துளையில் விரலை விட்டுச் சுவரின் கனத்தைத் தடவிப் பார்த்தாள். "அச்சு மேல தப்பு இல்லக்கா. அச்சு தண்ணி குடிச்சிருக்குது. மழையில காயாமலே மறுபடியும் மறுபடியும் மண்ணுக் கூழை ஊத்தியிருக்காங்க. ஈர அச்சு எப்படி உறிஞ்சும்? அதான் சுவரு மெல்லிசா நின்னுடுச்சு. காய வெச்சி ஊத்திப் பாத்துட்டு அப்பறம் அச்சைக் குத்தம் சொல்லச் சொல்லு..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். பொம்மை கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"ம்மா. நேத்து நான் எவ்வளவு தண்ணி குடிச்சேன்?"

எனக்குப் பிடரியில் யாரோ தட்டிய மாதிரி இருந்தது. முட்டமுட்ட நிறைந்த நீர்ப்பை கர்ப்பப்பையின் அடியை அமுக்கும். அமுக்கினால் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டி, நஞ்சு வாய்க்குப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். இதை நான் லேபர் வார்டில் டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், ஒருமுறை இல்லை, பலமுறை. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தவிப்பதையும் பார்த்துக்கொண்டு, எனக்கு அது தோன்றவேயில்லை. பொம்மையைத் தட்டிய இவளுக்குத் தோன்றியது.

"ஒன்றரை லிட்டர்" என்றேன். "கெளம்பு, டாக்டர் வந்துருப்பாங்க."

துர்கா டாக்டர் முழுதும் கேட்டார். "பாத்ரூம் போயிட்டு வா அம்சவல்லி. ஒரு சொட்டு இருக்கக் கூடாது. நான் உள்வழியா எடுத்துப் பாக்குறேன், அதுல அளவு சரியா தெரியும். பயப்படாத, இதனால ரத்தம் படாது" என்றார். திரையை அவள் பக்கமாகவே திருப்பி வைத்தார். நான் தலைமாட்டில் நின்றேன். டாக்டர் ஒரு முனையில் புள்ளி வைத்தார், கோடு இழுத்தார், மறு முனையில் புள்ளி வைத்தார்.

"பதினாறு."

அம்சவல்லி கேட்டாள்: "இன்னொரு தடவ அளக்குறீங்களா டாக்டர்?"

அளந்தார். பதினாறுதான். மூன்றாவது முறையும் அவராகவே அளந்து காட்டினார். பிறகு சொன்னார்: "உனக்கு ஒரு வேலை குடுக்குறேன். இனிமே இங்க ஸ்கேனுக்கு வர்ற எல்லார்கிட்டயும் எவ்வளவு தண்ணி குடிச்சீங்கன்னு நீ கேளு. எங்க ஆளுங்களும் மறந்துடுறாங்க."

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொளஞ்சி வந்தார். அம்சவல்லி சுவரைக் காட்டினாள். பதின்மூன்றுக்கு மேல் பதினாறு எழுதியிருந்தாள், ஐந்தை எழுதவேயில்லை. அவர் ரிப்போர்ட்டைப் படித்தார். ஒன்றரை லிட்டர் கதையைக் கேட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, இந்த முறை சைக்கிளில் கட்டினார். என் பக்கம் திரும்பாமலேயே, "நாளைக்குப் போயி வாபஸ் வாங்கிடுறேன் நர்சம்மா" என்றார்.

"வேணாம்" என்றாள் அம்சவல்லி.

"ஏன்?"

"இருபது மில்லி கேட்டிருக்கீங்க இல்ல? இன்னும் பதினாறுதானே. பாதியில வாபஸ் வாங்கினா சாமியும் பாதியில விட்டுடும். கேஸு நடக்கட்டும்."

"எம் மேல கேஸ் இருக்கட்டும்ங்குற" என்றேன்.

"உங்களுக்கென்னம்மா, ஜாமீன்ல இருங்க."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் அந்த வீட்டில் குற்றவாளியாகவே வேலை பார்த்தேன். ரசத்தில் உப்பு குறைந்தால், "பிராதுல இதையும் சேத்துடவா?" என்பாள் பாஞ்சாலை. கொளஞ்சி தினமும் சாயங்காலம் எனக்கு டீ வாங்கி வர ஆரம்பித்தார். ஒரு நாள் போண்டாவும் வந்தது.

அம்சவல்லியின் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனுக்கு முதல் நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் திருட்டு ஸ்கேன் நின்றது. கேள்வி கேட்கத் தொடங்கினாள். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவாள்: இது யார் எடுத்தது, எந்த மெஷின், போன தடவை எப்படி எடுத்தீர்கள். ஸ்கேன் எடுக்கிற பெண் முதலில் முறைத்தாள். பிறகு இவள் வந்தாலே, "வாங்க இன்ஸ்பெக்டர்" என்று நாற்காலி போட்டாள்.

முப்பத்தாறாம் வாரம், இருபத்துமூன்று.

கொளஞ்சி சுவரில் கோட்டுக்கு மேல் எழுத எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறினார். எட்டியது, ஆனாலும் ஏறினார்.

சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம், ஆனால் ரத்தம் கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும் என்றார் டாக்டர். நான் நாலு பேர் கேட்டேன். கம்பெனியில் பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். மார்கழியில் ஒரு காலை ஏழு மணிக்கு வலி எடுத்தது. நான் முன்பே சொல்லி வைத்திருந்த கார் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதற்கு முன்னால் கொளஞ்சி, பொம்மை ஏற்றுகிற வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். உள்ளே முழுக்க வைக்கோல்.

"குலுங்காம போவும் நர்சம்மா. பாண்டிச்சேரி வரைக்கும் போயும் ஒரு பொம்மை ஒடைஞ்சது கெடையாது."

"அதுல ரத்தம் குடுக்குறவங்கள ஏத்துங்க" என்றேன். ஏற்றினார். நாலு ஆம்பளைகள் வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னாலேயே வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய ரத்தம் கடைசியில் தேவைப்படவே இல்லை. அதில் ஒருவருக்கு இன்றுவரை வருத்தம்.

மத்தியானம் இரண்டே கால் மணிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. நான் உள்ளேதான் இருந்தேன். குழந்தை வெளியே வந்ததும் ஒரு நொடி சத்தமில்லை. அந்த ஒரு நொடியில் அம்சவல்லியின் முகத்தை நான் பார்த்தேன். ஸ்கேன் எடுக்கிற பெண்ணின் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தேன். பிறகு குழந்தை அலறியது. கதவுக்கு வெளியே நின்ற பாஞ்சாலைக்கே கேட்டிருக்கிறது.

அம்சவல்லி வியர்த்த முகத்தோடு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

"சரியா இருக்குதும்மா" என்றாள்.

எனக்கு அடுத்த வேலை இருந்தது. போய் வெந்நீர் எடுத்தேன்.

நாற்பதாம் நாள் கழிந்து, கெடு முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, எல்லாரும் மணவாளநல்லூர் போனோம். குழந்தைக்குப் பூங்கோதை என்று பெயர் வைத்திருந்தார்கள். பிராது வாபஸ் எழுதுகிற இடத்தில் இருந்தவர் பழைய மனுவின் விவரம் கேட்டார். கொளஞ்சி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"எதிராளி பேரு?"

"காசியம்மாள்."

"இப்ப சமாதானம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சிங்க. அவங்கதான் இவங்க" என்று என்னைக் காட்டினார்.

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எதிராளியைக் கூடவே வேனில் ஏற்றிக்கொண்டு வந்த கேஸை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "நீங்க எதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சவல்லி குழந்தையை என் கையில் போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"அவங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்லிங்க. சீக்கிரம் எழுதிக் குடுங்க. வெயில் ஏறறதுக்குள்ள இவங்க வூட்டுக்கு வந்து புள்ளயக் குளிப்பாட்டணும்."